ஆவி படியாத கண்ணாடி

டீச்சர் கையிலிருந்து எது நழுவி விழுந்தாலும் குற்றம் அந்தப் பொருளின் மேல்தான். டம்ளர் விழுந்தால் டம்ளர் வழவழப்பு. பால் பொங்கி வழிந்தால் அடுப்புத் திருகு இறுக்கம். பஸ்ஸைத் தவறவிட்டால் டிரைவர் நேரத்துக்கு முன்பே எடுத்துவிட்டார். இதையெல்லாம் கோபமாகச் சொல்லமாட்டார். விசாரித்துத் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டவர்போல, அமைதியாகச் சொல்வார்.

"சாமான் சரியில்லீங்க்கா."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

நான் அப்போது கொல்லிமலையில் கிராம சுகாதார நர்ஸ். செம்மேட்டில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தேன். என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் வேலை பார்த்தார். வாரக் கடைசியில்தான் மேலே வருவார். அடுத்த போர்ஷனுக்கு டீச்சர் குடிவந்தார். மலையில் உள்ள ஒரு விடுதிப் பள்ளியில் விளையாட்டு டீச்சர். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். முப்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒல்லியான, முறுக்கேறிய உடம்பு. நடந்தால் ஓடுவதுபோல இருக்கும்.

வந்த புதிதில் ஒரு நாள், துணி காயப்போட்டுக்கொண்டே, "நான் ஏரோப்ளேன்ல இருந்து குதிப்பேங்க்கா" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் போனை எடுத்துவந்து காட்டினார். நீலமான வானத்தில் நான்கு பெண்கள் கையைக் கோத்துக்கொண்டு குப்புற மிதந்துகொண்டிருந்தார்கள். கன்னமெல்லாம் காற்றில் அலையடித்தது. அதில் ஒருத்தி எங்கள் டீச்சர். வடக்கே ஒரு முகாமில் விடுமுறைக்கு விடுமுறை போய்க் கற்றுக்கொண்டிருக்கிறார். அங்கே சேர்ந்து படித்த நான்கு பேரும் வருடத்துக்கு ஒரு முறையாவது ஒன்றாகக் குதிப்பார்களாம். நான்கு பேரில் கோயம்புத்தூரில் பல் டாக்டராக இருந்த பெண்தான் டீச்சருக்கு நெருக்கம்.

"பயமா இல்லீங்களா?"

"எதுக்குப் பயம்? பாராசூட் இருக்குது. அது விரியலைன்னா இன்னொண்ணு இருக்குது. நான் எதையும் இழுக்காம விட்டாக்கூட, தரை பக்கத்துல வந்ததும் அதுவே இரண்டாவதை விரிச்சுவிடுற மாதிரி ஒரு மிஷின் வெச்சிருக்காங்க. எல்லாம் சாமான்தானுங்க்கா. சாமான் சரியா இருந்தா ஒண்ணும் ஆகாது."

அந்த மிஷினுக்குப் போன தை மாசமே வேலை வந்துவிட்டது என்பதை அவர் அன்றைக்குச் சொல்லவில்லை. ரொம்ப நாள் கழித்துச் சொன்னார். குளிர் நடுக்கும் ஒரு வடக்கத்தி ஊரில் நான்கு பேரும் குதித்தார்கள். கையை விட்டுப் பிரிந்தார்கள். மற்ற மூன்று பேரும் அவரவர் பாராசூட்டை இழுத்துவிட்டார்கள். டீச்சர் இழுக்கவில்லை. கல் விழுவதுபோலத் தரையை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தார். கடைசி நேரத்தில் மிஷின் வேலை செய்து, இரண்டாவது பாராசூட் விரிந்து, ஒரு கடுகு வயலில் போய் இறங்கினார். ஒரு கீறல்கூட இல்லை.

"முகத்தை மூடுற ஹெல்மெட்டுங்க்கா. அந்தக் குளிர்ல மூச்சு பட்டு கண்ணாடி முழுக்க ஆவி படிஞ்சுருச்சு. கையில கட்டியிருக்கிற மீட்டர் தெரியல. எந்த உயரத்துல இருக்கிறோம்னே தெரியல. கிளவுஸ் போட்ட கையால கண்ணாடியைத் தூக்கவும் முடியல."

முகாமில் எல்லாரும் அதை நம்பினார்கள். குளிர்காலத்தில் நடக்கக்கூடியதுதானாம். அடுத்த வருடம் சரியான ஹெல்மெட்டோடு வா என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த அடுத்த வருடம்தான் நான் சொல்லும் வருடம்.

இதற்கு நடுவே சில விஷயங்கள் நடந்திருந்தன. அப்போது ஒவ்வொன்றும் தனித்தனியாகத்தான் கண்ணில் பட்டது.

டீச்சருக்கு ஒரு ஸ்கூட்டர் இருந்தது. மேடே இல்லாத நேர் ரோட்டில் ஒரு காப்பித் தோட்ட வேலிக்குள் விட்டுவிட்டார். பிரேக் சரியில்லை என்றார். மெக்கானிக் பார்த்துவிட்டு பிரேக்கில் பழுதே இல்லை என்று சொன்னான். "அவனுக்குத் தொழில் சரியாத் தெரியல" என்று சொல்லி வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்.

இன்னொரு நாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கப் போயிருந்தேன். மைதானத்தில் ஓட்டப்பந்தயப் பயிற்சி. பெண்பிள்ளைகள் கோட்டில் குனிந்து நிற்கிறார்கள். டீச்சர் விசிலை வாயில் வைத்தபடி நிற்கிறார். ஊதுவார் என்று நானும் பார்க்கிறேன். ஊதவில்லை. பிள்ளைகள் குனிந்தபடியே இருந்தார்கள். ஒருத்தியும் அசையவில்லை, பழகிப்போனவர்கள்போல இருந்தார்கள். காற்றில் சில்வர் ஓக் இலைகள் உதிர்ந்துகொண்டிருந்தன. டீச்சரின் கட்டைவிரல் மட்டும் சட்டைப் பொத்தானைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. பிறகு திடீரென்று விசில் ஊதியது, பிள்ளைகள் பாய்ந்தார்கள்.

பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சமையல்கார அம்மாள் என் முகத்தைப் பார்த்தார்.

"டீச்சரம்மா அப்படித்தானுங்க. அப்பப்ப நின்னுக்குவாங்க. சாமி கும்புடுறாங்களோ என்னமோ."

டீச்சரிடம் கேட்டேன். விசிலுக்குள் இருக்கும் உருண்டை சிக்கிக்கொண்டது என்றார்.

எனக்கு உண்மையில் சந்தேகம் தட்டியது டீச்சர் கையைச் சுட்டுக்கொண்டு வந்த அன்றுதான். தோசைக்கல்லில் உள்ளங்கை பட்டுவிட்டது என்று காலையில் கதவைத் தட்டினார். கைப்பிடி ஆடுகிறது, கல் சரியில்லை என்றார். நான் மருந்து போட உட்கார்ந்தேன். நர்ஸ் வேலையில் எத்தனையோ சூட்டுக் காயம் பார்த்தாயிற்று. சூடு பட்டால் கை தானாக உதறிக்கொள்ளும். மேல்தோல் சிவந்து கொப்பளிக்கும். இது அப்படி இல்லை. கல்லின் விளிம்பு அப்படியே உள்ளங்கையில் பதிந்து, தோல் வெளுத்துப்போயிருந்தது. அந்தக் கை கல்லின் மேல் பட்டு எடுத்த கை இல்லை. அங்கேயே இருந்த கை.

"வலிக்கலீங்களா டீச்சர்?"

"இப்பத்தானுங்க்கா வலிக்குது" என்றார், தனக்கே ஆச்சரியம்போல.

கட்டுப் போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னேன். வலிப்பு என்றால் கையும் காலும் வெட்டி இழுத்து நுரை தள்ளவேண்டும் என்பதில்லை. சிலருக்குக் கண் திறந்தபடியே இருக்கும். கொஞ்ச நேரம் ஆள் இருந்தும் இல்லாமல் போய்விடும். திரும்பி வந்தபிறகு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. ஒருதரம் சேலம் போய்க் காட்டிவிடலாம், நானும் கூட வருகிறேன் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "எனக்கா? நான் காலையில எத்தனை ரவுண்டு ஓடுறேன்னு தெரியுமுங்களா? தூக்கம் பத்தலீங்க்கா, அவ்வளவுதான். இந்தக் கட்டில் சரியில்ல" என்றார்.

மார்கழி பிறந்தது. மலையில் விடிகாலையில் வாசல் தெளித்த தண்ணீர் காயாது. பக்கத்து வீடுகூடப் பனிமூட்டத்தில் மறைந்துவிடும். அந்தச் சமயத்தில் கோயம்புத்தூர்த் தோழி காரில் ஒரு மூட்டை ஹெல்மெட்டோடு வந்து இறங்கினார். தெரிந்தவர்களிடமெல்லாம் இரவல் வாங்கியவை. முகம் திறந்த ஹெல்மெட் இரண்டு, அதற்குத் தனியாகக் கண்ணாடி. முகத்தை மூடுபவை மூன்று. தைப் பொங்கல் லீவில் மறுபடி அதே ஊரில் நான்கு பேரும் குதிப்பதாக ஏற்பாடு.

"ஒண்ணைத் தேர்ந்தெடுத்துக்க. எடுத்ததைத் தவிர மிச்சத்தைப் பத்திரமா அனுப்பு" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "நீங்க பார்த்துக்கோங்க சிஸ்டர். இவளுக்கு எதுவுமே பிடிக்காது" என்றார். நல்ல பெண். கிளம்பும்போது என் நம்பரை வாங்கிக்கொண்டு, தன் நம்பரையும் கொடுத்துவிட்டுப் போனார்.

ஹெல்மெட்டைச் சோதித்துப் பார்க்க டீச்சர் கண்டுபிடித்த வழி, என் பைக். தடுப்பூசிக்கு ஊர் ஊராகப் போக ஸ்கூட்டர் தாங்காது என்று என் வீட்டுக்காரர் தன் பழைய பைக்கை எனக்குக் கொடுத்திருந்தார். விடிகிற நேரத்தில் சோளக்காட்டிலிருந்து முள்ளுக்குறிச்சிக்கு இறங்கும் ரோட்டில் பாதி தூரம் போய்த் திரும்புவது. குளிரும் பனியும் எதிர்க்காற்றும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் அதுதான் என்றார். குதிக்கும் உயரத்தில் இதைவிடப் பல மடங்கு குளிருமாம். இங்கேயே ஆவி படிந்தால் அங்கே நிச்சயம் படியும்.

எனக்கு விருப்பமில்லை. ஆனால் நான் மாட்டேன் என்றால் வேறு யாராவது பையனின் பைக்கில் ஏறிவிடுவார். அதனால் ஒத்துக்கொண்டேன். ஒரு நிபந்தனை போட்டேன். என் இடுப்பையும் அவர் இடுப்பையும் சேர்த்து ஒரு பருத்தித் துப்பட்டாவால் கட்டிக்கொள்ளவேண்டும்.

"எதுக்குங்க்கா? நான் என்ன கைக்குழந்தையா?"

"வளைவு ஜாஸ்திங்க டீச்சர். எனக்குப் பயமா இருக்குது."

என் பயம் என்று சொன்னதால் சம்மதித்தார்.

முதலில் முகம் திறந்தது. கண்ணுக்கு மட்டும் ரப்பர் பிடித்த கண்ணாடி. ஆவி பிரச்சினையே இல்லை. ஆனால் நாலு வளைவு இறங்குவதற்குள் டீச்சரின் உதடு வெடித்து, கன்னம் மரத்து, பேச்சு குழறியது. அடுத்த நாள் அதற்குள் குரங்குக் குல்லாய் போட்டுப் பார்த்தார். ஹெல்மெட் உச்சந்தலையில் ஏறி உட்கார்ந்து ஆடியது. எந்த உயரத்துக்கு வந்தாயிற்று என்று காதுக்குள் பீப் அடித்துச் சொல்லும் கருவி ஒன்றும் இந்தத் தடவை வைக்கப்போகிறார்களாம். கம்பளி மூடினால் அது கேட்காது. தள்ளிவைத்தார்.

பிறகு முகத்தை மூடுபவை. ஒன்று தாடையில் தளர்ச்சி. தலையை உதறினால் ஹெல்மெட் ஒரு கணம் தாமதித்துத் திரும்பியது. இன்னொன்று நன்றாகப் பிடித்தது, கன்னத்தை இரண்டு கைகளால் அழுத்துவதுபோல. ஆனால் மூச்சு வெளியேற வழியில்லை. முதல் வளைவிலேயே கண்ணாடி வெள்ளையாகிவிட்டது.

சோளக்காட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, கீழே ராசிபுரத்திலிருந்து வந்து கடை போட்டிருந்த பாய் ஒருவரிடம்தான் திரும்பும்போது டீ குடிப்போம். டீக்கடையோடு மிளகும் எடுத்து விற்பார். தினமும் ஒரு புது ஹெல்மெட்டோடு வரும் எங்களைப் பார்த்து அவருக்கு வேடிக்கை.

"மழைக்கு லாரிக்காரங்க புகையிலையைத் தண்ணியில நனைச்சு கண்ணாடியில தேய்ப்பாங்கம்மா. தேச்சுப் பாருங்களேன்" என்றார்.

டீச்சர் அதையும் செய்து பார்த்தார். இரண்டு நாள் தலைவலியோடு சுற்றினார். எனக்குப் பாவமாக இருந்தது. அந்த மாதம் முழுக்க அவர் பேச்சே கண்ணாடி, பட்டை, திண்டு, கொக்கி என்றுதான் இருந்தது. கிளவுஸ் போட்ட கையோடு கொக்கியைத் திறந்து மூடித் திறந்து மூடி, சாப்பிடும்போதுகூட மடியில் வைத்துக்கொண்டிருப்பார். தப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. எனக்கு ஒவ்வொரு நாளும் பயம் ஏறிக்கொண்டே போனது.

கடைசியாக இருந்தது இரட்டைக் கண்ணாடி ஹெல்மெட். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே காற்று அடைத்தது. உள்பக்கம் ஆவி படியாதாம். தாடைக்குக் கீழே மூச்சு போக வழியும் இருந்தது. ஆவி படியவில்லை என்று தோழிகளுக்கு ஆதாரம் அனுப்பவேண்டும் என்றார். என் போனைச் சைடு மிர்ரர் கம்பியில் ரப்பர் பேண்டு போட்டு, பின்பக்கம் பார்த்தபடி கட்டினார். என் தோளுக்கு மேல் அவர் முகம் தெரியும்படி வைத்துவிட்டு வீடியோவைப் போட்டார்.

அன்றைக்குப் பனிமூட்டம் அதிகம். ரோட்டோர மரங்களில் படர்ந்த மிளகுக்கொடிகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. இறங்கும்போது முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். "தெளிவா இருக்குதுங்க்கா! ஒரு பொட்டு ஆவி இல்ல! இதுதானுங்க்கா, இதுதான்!" நான் அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததே இல்லை. திரும்பி ஏறத் தொடங்கினோம்.

இரண்டாவது வளைவைத் தாண்டும்போது பேச்சு நின்றது. நான் முதலில் கவனிக்கவில்லை. பிறகு என் தோளைப் பிடித்திருந்த கை நழுவி மடியில் விழுந்தது. இடுப்பில் கட்டிய துப்பட்டா ஒரு பக்கமாக இழுத்தது. பள்ளத்துப் பக்கமாக.

மிர்ரரில் பார்த்தேன். கண்ணாடி தெளிவாகத்தான் இருந்தது. அதற்குப் பின்னால் டீச்சரின் முகமும் தெளிவாக இருந்தது. கண் திறந்திருந்தது. உதடு எதையோ மென்றுகொண்டிருந்தது. அந்தக் கண்ணில் யாரும் இல்லை.

உடனே பிரேக் போட்டால் ஆள் சரிந்துவிடுவார். ஒரு கையைப் பின்னால் விட்டு அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, வண்டியை மெல்ல மெல்ல மேட்டுப் பக்கமாக ஒதுக்கினேன். நிறுத்திக் காலை ஊன்றிய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. "டீச்சர்... டீச்சர்..." என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அவர் கட்டைவிரல் என் ஸ்வெட்டர் நுனியைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத் தலை அசைந்தது.

"ஏங்க்கா நிறுத்திட்டீங்க?" என்றார். "வண்டி சரியில்லையா?"

அவர் கைகளை என் வயிற்றைச் சுற்றிக் கோத்துக்கொள்ளச் சொல்லி, சோளக்காடு வரைக்கும் மெதுவாக ஓட்டிவந்தேன்.

பாய் இரண்டு டீ வைத்துவிட்டுப் போனார். டீச்சர் ஆசையாகப் போனை அவிழ்த்து வீடியோவைப் போட்டார். நான் தடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாருங்க, பாருங்க. எப்படி இருக்குதுன்னு. மூச்சு விடுறேன், ஒண்ணுமே படியல." சிரித்துக்கொண்டே சொன்னவர் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். திரையை விரலால் தட்டினார். மறுபடி தட்டினார்.

"போன் சிக்கிக்கிச்சுங்க்கா."

திரையில் அவர் முகம் அப்படியே நின்றிருந்தது.

"சிக்கலீங்க டீச்சர்" என்றேன். "பின்னால பாருங்க."

அவர் முகத்துக்குப் பின்னால் மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. வளைவில் நட்ட மஞ்சள் கல் ஒன்று வந்து போனது. பனி கலைந்து கலைந்து போனது. வண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு மரங்களும் நின்றன. என் குரல் கேட்டது. டீச்சர், டீச்சர் என்று அது கூப்பிடக் கூப்பிட அந்த முகம் மென்றுகொண்டே இருந்தது.

டீச்சர் முதலிலிருந்து ஓடவிட்டுப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். டீயில் ஆடை படிந்துவிட்டது. எதிரே பஸ் வந்து நின்று, வாழைத்தார்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போனது.

"இது நானா?" என்றார்.

நான் அவர் முதுகில் கை வைத்தேன்.

"போன வருசம் ஆவி படியலீங்க்கா."

சத்தமே இல்லாமல்தான் சொன்னார். நான் குனிந்து கேட்கவேண்டியிருந்தது.

"கையை விட்டுப் பிரிஞ்சது தெரியும். அதுக்கப்புறம் பாராசூட் வெடுக்குனு இழுத்தப்பத்தான் தெரியும். நடுவுல ஒண்ணுமே இல்ல. கண்ணாடி சுத்தமாத்தான் இருந்துச்சு. கீழ கடுகுப் பூ மஞ்சளா, ரொம்பப் பக்கத்துல தெரிஞ்சுது. நான் எதையும் இழுக்கல. எறங்குனதும் ஓடிவந்து என்னாச்சு என்னாச்சுன்னு கேட்டாங்க. ஆவி படிஞ்சுருச்சுன்னு வாயில வந்துருச்சு. சொல்லிச் சொல்லி, அப்படித்தான் நடந்துச்சுன்னே ஆகிப்போச்சுங்க்கா."

அந்த வாரமே சேலம் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். சின்ன வயதில் எப்போதோ மூளையில் ஏற்பட்ட தழும்பு ஒன்று இருக்கிறது, வலிப்பு அதிலிருந்துதான் வருகிறது என்றார் டாக்டர். மாத்திரை ஒருவேளைகூட விடக்கூடாது, வண்டி ஓட்டக்கூடாது, கிணறு, குளம், அடுப்பு பக்கம் தனியாகப் போகக்கூடாது. விமானத்திலிருந்து குதிப்பதைப் பற்றி டீச்சரே கேட்டார்.

"தை மாசத்துக்குள்ள சரியாயிருமுங்களா டாக்டர்?"

டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "நான் சொன்னது உங்களுக்குப் புரியுதாம்மா?" என்றார். டீச்சர் புரிகிறது என்று தலையாட்டினார்.

பிறகு அவர் ரொம்ப ஒழுங்காக இருந்தார். மாத்திரை போட்டாச்சா என்று கேட்டால் போட்டாச்சு என்பார். ஹெல்மெட்டுகளைப் பொட்டலம் கட்டித் தோழிக்கு அனுப்பினார். இரட்டைக் கண்ணாடி ஹெல்மெட் மட்டும் சுவரில் ஆணியில் தொங்கியது. "ஆசைக்கு இருக்கட்டுங்க்கா" என்றார். நானும் விட்டுவிட்டேன். பொங்கல் லீவுக்கு, "அம்மா ஊட்டுக்குப் போயிட்டு வாரேங்க்கா" என்று சொல்லிக் கிளம்பினார். தண்ணீர் வரும் நாளில் பிடித்துவைக்கச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

பொங்கல் முடிந்து தண்ணீர் விட்ட அன்று அவர் வீட்டைத் திறந்தேன். ஆணியில் ஹெல்மெட் இல்லை. ஜன்னல் திண்டில் மாத்திரை அட்டைகள் அடுக்கியிருந்தன. முதல் அட்டையில் சிலதைத் தவிர மிச்சம் எல்லாம் அப்படியே இருந்தன.

குழாயில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. டீச்சர் போன் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. கோயம்புத்தூர்த் தோழியைக் கூப்பிட்டேன். எடுத்தார். பின்னால் காற்று பலமாக இரைந்தது. யாரோ இந்தியில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லுங்க சிஸ்டர்! நாங்க ஏறப்போறோம். அப்புறம் பேசட்டுமா?"

"டீச்சர் அங்க இருக்காங்களா?"

"இங்கதான் முன்னாடி போறா. ஹெல்மெட் செட் ஆயிருச்சு, இனி பிரச்சினையே இல்லைன்னு ஒரே குஷி."

நான் சொல்லத் தொடங்கினேன். முதலில் அவருக்குக் காற்றில் கேட்கவில்லை. மறுபடி கத்திச் சொன்னேன். வலிப்பு என்ற வார்த்தையை அத்தனை சத்தமாக நான் சொன்னதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். "ஏறவிடாதீங்க. வீடியோ அனுப்புறேன், பாருங்க. அதுவரைக்கும் ஏறவிடாதீங்க" என்றேன். மறுமுனையில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. லைன் அறுந்தது.

அன்றைக்குப் பார்த்து, வீடியோ போகும் அளவுக்குச் சிக்னல் இல்லை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஏறி, பாறைமேல் நின்று அனுப்பினேன். போய்ச் சேர்ந்த அடையாளம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. மத்தியானம் போட்ட சோற்றை மூடிவைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். வானத்தைப் பார்த்தேன். சுத்தமாக, மேகமே இல்லாமல் இருந்தது.

சாயங்காலம் தோழி கூப்பிட்டார். விமானத்தின் படியில் கால் வைத்தவரை மணிக்கட்டைப் பிடித்து இறக்கினாராம். மற்ற இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு கருவிகளைக் கழற்றினார்களாம். யாருமே குதிக்கவில்லை. டீச்சர் அழவில்லை, கத்தவில்லை. தரையில் உட்கார்ந்துகொண்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாராம்.

"அந்த அக்கா பயந்தவங்க. அவங்க போனும் பழசு."

அடுத்த வாரம் டீச்சரின் அண்ணன் வேனோடு வந்தார். டீச்சர் வேனிலிருந்து இறங்கவே இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். சாமான்களை ஏற்றி முடித்துவிட்டு அண்ணன் என்னிடம் வந்து, "ஏனுங்க, இந்த மாத்திரையை எந்தெந்த வேளைக்குக் கொடுக்கோணும்? எங்கம்மா கையில கொடுத்து, கண்ணுக்கு முன்னாடி முழுங்க வெக்கச் சொல்லிருக்கறேன்" என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். வேன் பக்கம் போய் நின்றேன். டீச்சர் நேராக ரோட்டைப் பார்த்தபடி இருந்தார்.

அதற்குப் பிறகு அவரை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். ஒரு வருடம்போல ஆகியிருக்கும். மீட்டிங்குக்காக மலையிலிருந்து இறங்கி, ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். எதிர் வரிசையில், திருச்செங்கோடு பஸ் நிற்கும் இடத்தில், கையில் துணிப்பையோடு டீச்சர் நின்றிருந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். முகம் என்னை நோக்கி இருந்தது. கண் நேராக என் மேல் இருந்தது. நான் கையை உயர்த்தினேன்.

அவர் அசையவில்லை. மறுபடி வந்துவிட்டதோ என்று பட்டது. உயர்த்திய கையை இறக்காமலே அவர் உதட்டைப் பார்த்தேன். உதடு மெல்லவில்லை, அழுத்தி மூடியிருந்தது. கைக்குக் கண்ணை இறக்கினேன். கட்டைவிரல் எதையும் தேய்க்கவில்லை. பையின் காதை இறுக்கிப் பிடித்திருந்தது. மறுபடி முகத்தைப் பார்த்தேன். புருவம் சுருங்கியது. என்னை முழுதாக, மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஸ் வந்தது. முதல் ஆளாக ஏறி, எனக்கு முதுகு காட்டும் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தார்.

டீச்சருக்கு என்னை நன்றாகத் தெரிந்திருந்தது. பஸ் கிளம்பித் திருப்பத்தில் மறையும்வரை நின்றேன். பக்கத்தில் நின்ற பூக்காரம்மாள், "என்னுங்க, தனியாச் சிரிக்கறீங்க?" என்று கேட்ட பிறகுதான், நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது.